நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெண்

ரோமாபுரியின் பழைய துறைமுகமான ஆஸ்தியாவுக்குப் பக்கத்தில் ஈசோலா சாக்ரா என்றொரு இடுகாடு இருக்கிறது. அங்குள்ள கல்லறை ஒன்றின் முகப்பை அலங்கரித்த சுடுமண் பலகை கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மூன்று பெண்கள். ஒருத்தி பிரசவ நாற்காலியில் அமர்ந்து கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறாள். அவளுக்கு எதிரே தாழ்ந்த முக்காலியில் மருத்துவச்சி அமர்ந்திருக்கிறாள். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மூன்றாமவள், வலியில் இருப்பவளை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருக்கிறாள். மருத்துவச்சியின் பெயர் ஸ்க்ரிபோனியா அத்திகே என்று கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அந்தக் கல்லறையைக் கட்டியதே அவள்தான். பின்னால் நிற்பவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெயர் தெரியாவிட்டாலும் அவளை நமக்கெல்லாம் தெரியும். பிரசவ வலியின்போது இடுப்பைத் தேய்த்துவிடும் அத்தை அவள். பூண்டும் மிளகும் தட்டிப் பத்தியக் குழம்பு வைக்கும் அம்மா, பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஆயா, பால் குடிக்கத் தெரியாமல் அழும் பிள்ளையை மார்போடு சரியாக அணைக்கச் சொல்லித்தரும் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாம் அவளே. இன்றைக்கு அவளுக்குப் புதுப் பெயர்களும் வந்துவிட்டன: டூலா, தாய்ப்பால் ஆலோசகர், பிரசவ வகுப்பு ஆசிரியை. ஊசி போடுவதோ, மருந்து கொடுப்பதோ, குழந்தையை வெளியே எடுப்பதோ இவர்கள் வேலை இல்லை. தாயோடு இருப்பதுதான் வேலை. அந்த வேலை இரண்டாயிரம் ஆண்டுகளில் எங்கெல்லாம் போயிற்று, எப்படியெல்லாம் காணாமல் போயிற்று, யார் கண்டெடுத்தார்கள் என்பது சுவையான கதை.

அந்தப் பலகை உருவான அதே நூற்றாண்டில் எபேசு நகரத்து சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர் மகப்பேறு பற்றி ஒரு நூல் எழுதினார். பிரசவ அறையில் மருத்துவச்சியோடு மூன்று உதவிப் பெண்கள் இருக்கவேண்டும் என்பது அவர் விதி. இருவர் பக்கத்துக்கு ஒருவராகவும், ஒருவர் பின்னாலும் நிற்கவேண்டும். அவர்களிடம் அவர் எதிர்பார்த்த தகுதிதான் வியப்பானது. அவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை, தாயின் பயத்தை மெல்லப் போக்கத் தெரிந்தால் போதும் என்றார். பயம் போக்குவது தனி வேலை, அதற்குத் தனி ஆள் தேவை என்று ஒரு மருத்துவர் எழுத்தில் வைத்தது அவ்வளவு பழைய செய்தி.

நம் ஊரில் அந்த வேலையைக் கடவுளே செய்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் மகள் ரத்னாவதிக்குத் திருச்சிராப்பள்ளியில் பேறுகாலம் நெருங்கியது. தாய் புறப்பட்டு வந்தாள், ஆனால் காவிரியில் வெள்ளம். அக்கரையிலேயே நின்றுவிட்டாள். மகளின் தவிப்பைக் கண்ட சிவபெருமான் அந்தத் தாயின் உருவிலேயே வீட்டுக்குள் நுழைந்து பிரசவம் பார்த்தார். அதோடு போய்விடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும்வரை தாயையும் சேயையும் பார்த்துக்கொண்டு இருந்தார். மலைக்கோட்டையில் அவர் இன்றும் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சாத்துவது அங்கு வழக்கம். பிரசவம் பார்ப்பதும் பிறகு சில நாள் கூட இருப்பதும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்று இந்தத் தலபுராணம் நம்புகிறது.

சீனர்கள் அந்தச் சில நாளை ஒரு மாதமாக வகுத்தார்கள். 1237இல் சென் ஸிமிங் என்ற மருத்துவர் தொகுத்த பெண்களுக்கான வைத்திய நூலில் பிள்ளை பெற்றவள் எப்படி ஓய்வெடுக்கவேண்டும், எதை உண்ணவேண்டும் என்பதெல்லாம் உண்டு. காற்றுப் படக்கூடாது, குளிர்ந்தது ஆகாது, இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்த கோழி வேண்டும் என்று அந்த மரபு சொல்வதைக் கேட்டால் திருநெல்வேலிப் பாட்டி தலையாட்டுவார். பல்லாயிரம் மைல் தள்ளி, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே மாதம் இருந்தது. வலி எடுத்ததும் கணவன் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துவர ஓடுவான். அவர்கள் வந்து கதவைச் சாத்தி, சாவித் துவாரத்தையும் அடைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சூடான மதுவில் முட்டையும் நறுமணப் பொருள்களும் கலந்த கஞ்சி தாய்க்குத் தரப்படும். ஒரு மாதம் கழித்து அவள் தேவாலயத்துக்குப் போய் நன்றி செலுத்தினால்தான் பேறுகாலம் முடியும். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த மூன்று நாகரிகங்கள் ஒரே முடிவுக்கு வந்திருந்தன.

இங்கிலாந்தில் ஊர்கள் நகரங்களாகப் பெருத்தபோது அக்கம்பக்கம் குறைந்தது. வசதியான குடும்பங்கள் அந்த இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தன. பிரசவத்துக்குச் சற்று முன்பே வந்து, ஒரு மாதம் வீட்டோடு தங்கித் தாயைக் கவனிக்கும் இவரை 'மாதச் செவிலி' என்றார்கள். 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் புகழ்பெற்ற இல்லற நிர்வாக நூல், மாதச் செவிலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இல்லத்தரசிகளுக்கு வழிகாட்டியது. அதற்கு முன்பே அந்தத் தொழிலின் மானத்தை ஒரு நாவலாசிரியர் வாங்கிவிட்டார். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44இல் தொடராக எழுதிய 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' நாவலில் சேரி கேம்ப் என்ற மாதச் செவிலி வருகிறாள். எப்போதும் குடி, கையில் ஒரு பழைய பெரிய குடை. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆங்கிலேயர்கள் குடைக்கே 'கேம்ப்' என்று செல்லப்பெயர் வைக்கும் அளவுக்கு அவள் பரவினாள். உழைத்துப் பிழைத்த பல பெண்களின் மீது அந்தக் கேலியின் நிழல் விழுந்தது.

1902இல் இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி, தேர்வு, பதிவேடு எல்லாம் மருத்துவச்சிக்குக் கிடைத்தன. தாய்களின் உயிரைக் காத்த நல்ல சட்டம் அது. ஆனால் பலகையில் அருகருகே இருந்த இரண்டு பெண்களையும் அது பிரித்தது. முன்னால் அமர்ந்தவள் சான்றிதழோடு மருத்துவத் துறைக்குள் போனாள். பின்னால் நின்றவள் எந்தத் துறையிலும் சேராமல் தெருவில் நின்றாள்.

அவளை அரசாங்கம் திரும்ப அழைத்தது ஒரு போரின் முடிவில். முதல் உலகப் போரில் ஒரு தலைமுறை ஆண்களை இழந்த பிரிட்டனுக்குக் குழந்தைகளின் உயிர் திடீரென விலைமதிப்பற்றதாகத் தெரிந்தது. 1918ஆம் ஆண்டின் தாய்சேய் நலச் சட்டம், பிள்ளை பெற்ற ஏழைத் தாயின் வீட்டுக்குச் சமைக்கவும் துவைக்கவும் மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் உதவிப் பெண்ணை அனுப்ப உள்ளாட்சிகளுக்கு வழிசெய்தது. அடுத்த உலகப் போரின்போது அதே உதவிப் பெண்கள் முதியவர் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். பிரிட்டனில் தனியாக வாழும் முதியவர்களுக்கு வீடு தேடி வரும் உதவிச் சேவை, பச்சை உடம்புக்காரிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த வேலையிலிருந்து கிளைத்தது.

நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே பிள்ளை பிறந்தால் 'கிராம்சோர்க்' என்ற சேவை வீட்டுக்கே வரும். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பிரசவத்துக்குப் பின் எட்டு முதல் பத்து நாட்களுக்கு வந்துபோவார். குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 80 மணி நேரம்வரை. தாயின் உடல்நிலையைக் கவனிப்பார், பால் கொடுக்கவும் குளிப்பாட்டவும் கற்றுத்தருவார், துணி துவைப்பார், பார்க்க வருபவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் எடுத்துக் கொடுப்பார். அரண்மனையோ அடுக்குமாடியோ, அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடங்கும். அத்தையின் வேலையை ஒரு நாடு முழுமையாக உரிமையாக்கிய அரிய இடம் அது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்தது நேர் எதிர். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் மருத்துவர்கள் மயக்க மருந்து கொடுத்து, வலி நினைவில் தங்காத பிரசவ முறையை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1914இல் அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அமெரிக்கப் பெண்கள் எங்களுக்கும் அது வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். அந்த மருந்துக்கு மருத்துவமனை வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் அக்காவும் அம்மாவும் உள்ளே வர முடியாது. 1940இல்கூட அமெரிக்கக் குழந்தைகளில் நூற்றுக்கு 44 பேர் மருத்துவமனைக்கு வெளியே பிறந்தார்கள். 1969இல் அது நூற்றுக்கு ஒன்று. தொற்றும் இரத்தப்போக்கும் கொன்ற காலம் கடந்தது, அது பெரும் பேறு. அந்தப் பேற்றோடு, கூட நின்ற பெண்ணை வாசலிலேயே நிறுத்தும் வழக்கமும் வந்தது.

அவளைத் திரும்பக் கூட்டிவரும் முயற்சி சோவியத் ரஷ்யாவில் தொடங்கியது என்றால் நம்ப முடிகிறதா? நாயும் மணியும் வைத்துச் சோதனை செய்த பாவ்லோவின் கொள்கையிலிருந்து, மனத்தையும் மூச்சையும் பழக்கினால் பிரசவ வலியை அடக்கலாம் என்ற முறையை அங்குள்ள மருத்துவர்கள் உருவாக்கியிருந்தார்கள். 1951இல் அதை நேரில் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ், பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனைக்கு அதைக் கொண்டுவந்தார். அங்கே ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் பயிற்சி பெற்ற துணைப் பெண் ஒருவர் அமர்ந்து மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்தார். 1956இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த முறையில் தவறில்லை என்று அறிவித்தார். கம்யூனிஸ்டுகளும் போப்பாண்டவரும் பிரசவ அறையில் ஒத்துப்போனார்கள்.

அந்த மருத்துவமனை முறையில் பிள்ளை பெற்ற அமெரிக்கப் பெண் மார்ஜரி கார்மெல், 1959இல் லமாஸுக்கு நன்றி சொல்லி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே அவரும் எலிசபெத் பிங்கும் சேர்ந்து அமெரிக்காவில் சங்கம் தொடங்கினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த உடற்பயிற்சி சிகிச்சையாளர் பிங். இவர்கள் வழியாகப் பிரசவ வகுப்பு ஆசிரியை என்ற புதுத் தொழில் பிறந்தது. ஆனால் நகலெடுத்தபோது ஒன்று விட்டுப்போயிற்று. பாரிஸில் பக்கத்தில் இருந்த துணைப் பெண்ணின் இடத்தில் அமெரிக்காவில் கணவனை உட்காரவைத்தார்கள். பிரசவ அறைக்குள் நுழையும் உரிமைக்காக அமெரிக்கக் கணவர்கள் பல ஆண்டுகள் மருத்துவமனைகளோடு போராடினார்கள். உள்ளே வந்த கணவனுக்கு அன்பு நிறைய இருந்தது. ஆனால் அவனும் ஒரு பிரசவத்தை நேரில் காண்பது அதுவே முதல் தடவை. மனைவியளவுக்கு அவனும் பயந்திருந்தான்.

பால் கொடுப்பதிலும் இதே இழப்பு நடந்திருந்தது. புட்டிப்பால் ஓங்கிய 1956ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்தில் ஒரு வனபோஜனத்தில் இரண்டு தாய்கள் மரத்தடியில் அமர்ந்து தம் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எனக்கு ஏன் முடியவில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விகளிலிருந்து ஏழு பெண்கள் சேர்ந்து லா லேச்சே லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மார்பு என்ற சொல்லையே பத்திரிகைகள் அச்சிடத் தயங்கிய காலம். ஆகவே ஃப்ளோரிடாவில் உள்ள பாலன்னை மாதா திருத்தலத்தின் ஸ்பானியப் பெயரை எடுத்துச் சூட்டினார்கள். தாய்க்குத் தாய் சொல்லித்தந்த அந்த அறிவு 1985இல் சர்வதேசத் தேர்வானது. தாய்ப்பால் ஆலோசகர் என்ற தொழில் அப்படி உருவாயிற்று.

இதற்கிடையில், பால் கொடுப்பது சில சமூகங்களில் எளிதாகவும் சிலவற்றில் கடினமாகவும் இருப்பது ஏன் என்று தேடிக்கொண்டிருந்தார் மானிடவியலாளர் டானா ரஃபேல். புதிய தாயைத் தாயாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கும் இடங்களில் பால் சுரக்கிறது என்பது அவர் கண்ட விடை. அந்த ஒருவருக்கு, பணிப்பெண்ணைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லான 'டூலா'வை 1973இல் வெளிவந்த தம் நூலில் பயன்படுத்தினார். அவர் மனத்தில் இருந்தது பிள்ளை பிறந்த பிறகு வரும் துணை. அந்தப் பெயரைப் பிரசவ அறைக்குள் நகர்த்தியது ஒரு மாணவியின் இளகிய மனம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும் தாய்சேய்ப் பிணைப்பைப் பற்றிக் குவாத்தமாலாவில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். நெரிசலான மருத்துவமனை, சொந்தக்காரர்களுக்கு அனுமதி இல்லை. தாயிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு விலகிவிடவேண்டிய மருத்துவ மாணவி ஒருவர், தனியாக வலியில் துடிப்பவளை விட்டுப் போக மனமில்லாமல் பக்கத்திலேயே இருந்துவிட்டார். அவர் பார்த்த தாய்களுக்கெல்லாம் பிரசவம் சீக்கிரமும் சுலபமுமாக முடிந்திருந்தது. ஆய்வைக் கெடுத்த பிழை என்று அதைத் தள்ளாமல், அந்தப் பிழையையே ஆராய்வோம் என்று மருத்துவர்கள் இருவரும் முடிவெடுத்தார்கள்.

1980இல் முடிவு வெளியாயிற்று. மருத்துவப் பயிற்சி இல்லாத, முன்பின் அறியாத ஒரு பெண் கூட இருந்த தாய்களுக்கு, மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 9 மணி நேரத்துக்கும் குறைவு. தனியாக இருந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். சிக்கலில்லாத 20 பிரசவங்கள் கிடைக்க, துணையோடு 33 பேரைச் சேர்த்தால் போதுமாக இருந்தது. துணையில்லாமல் 103 பேரைச் சேர்க்கவேண்டியிருந்தது.

1991இல் ஹூஸ்டனில் நடந்த பெரிய ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. தனியாக இருந்த தாய்களில் நூற்றுக்கு 18 பேருக்கு அறுவை சிகிச்சை. டூலா கூட இருந்தவர்களில் 8 பேருக்கு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது குழு ஒன்று. அவர்களின் அறையில் ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். பேசவில்லை, தொடவில்லை. அந்தக் குழுவில் அறுவை சிகிச்சை 13 பேருக்கு. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் இருப்பே உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. சொரானஸ் சொன்னதற்கு எண்கள் கிடைக்கப் பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

எண்கள் கிடைத்ததும் தொழில் பிறந்தது. 1992இல் கிளாஸ், கென்னல், சியாட்டிலைச் சேர்ந்த பிரசவ வகுப்பு ஆசிரியை பென்னி சிம்கின் முதலியோர் டூலாக்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பயிற்சி, சான்றிதழ், கட்டணம் எல்லாம் வந்தன. கட்டணம் வந்ததும் ஏழைகளுக்கு எட்டாமல் போயிற்று. அமெரிக்காவில் பேறுகாலத்தில் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையரைவிடச் சுமார் மூன்று மடங்கு. துணை அதிகம் தேவைப்பட்டவர்களுக்கே அது கிடைக்கவில்லை. பிறகு ஒரிகன், மின்னசோட்டா மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் டூலாவின் ஊதியத்தைச் சேர்த்தன. 2023இல் கலிஃபோர்னியாவும் சேர்ந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் புலம்பெயர்ந்து வந்த பெண்களுக்கே டூலா பயிற்சி கொடுத்து, மொழி தெரியாத தாயின் பக்கத்தில் அவள் மொழி பேசும் பெண்ணை நிறுத்தினார்கள்.

கிழக்கே வணிகம் வேறு வழியில் போயிற்று. 1990களின் பிற்பகுதியில் சீன அரசு ஆலைகள் லட்சக்கணக்கான தொழிலாளர்களை வெளியேற்றின. வேலையிழந்த நடுவயதுப் பெண்கள் பலர் பயிற்சி பெற்றுப் பேறுகால மாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்கள் ஆனார்கள். சிங்கப்பூரில் இதே வேலைக்கு மலேசியாவிலிருந்து வரும் பெண்களுக்கெனத் தனிப் பணி அனுமதியே உண்டு, குழந்தை பிறந்த நாளிலிருந்து 16 வாரங்கள்வரை. தென்கொரியாவில் அம்மா வீடு சிறிய அடுக்குமாடியாகச் சுருங்கியபோது, தாயும் சேயும் போய்த் தங்கும் பேறுகால இல்லங்கள் முளைத்தன. இப்போது அங்கே ஐந்தில் நான்கு தாய்களுக்கு மேல் அவற்றில் தங்குகிறார்கள். அந்தக் கொரிய முறை நியூயார்க்கின் ஆடம்பர ஹோட்டல் ஒன்றுவரை போய்விட்டது. கடற்பாசிச் சூப்பும் தூக்கமும் அங்கே நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது கிராமச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து படைத்த சாதனை. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவை சிகிச்சை. அம்மா கதவுக்கு வெளியே ஃபிளாஸ்க்கோடு நிற்கும் காட்சி நாம் எல்லோரும் பார்த்தது. அந்தக் கதவைத் திறக்க 2004லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. இந்தியாவில் இதில் முன்னோடி நாம்தான். 2016இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் இதை ஏற்றது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற, தொற்றுநோய் இல்லாத, தாய்க்கு விருப்பமான ஒரு பெண் கடைசிவரை கூட இருக்கலாம் என்பது விதி. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் எல்லாத் தாய்களுக்கும் இதையே பரிந்துரைத்தது.

விதி இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், கூட்டம் நிரம்பிய வார்டில் கேட்கத் துணிவு வருவதில்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுபவர்கள்கூடக் கேட்பதில்லை.

பிரசவ அறையில் மருத்துவர், செவிலியர், கருவிகள் அத்தனையும் வேண்டும். அவற்றோடு கூட இருக்கும் பெண்ணும் வேண்டும். அவள் அன்புக்காக மட்டும் வந்துபோகும் உபரி ஆள் இல்லை. பிரசவத்தின் நேரத்தையும் சிக்கலையும் குறைக்கும் திறமை அவளிடம் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆகவே அது மதிப்பான தொழில். மாதம் முழுக்க வந்து எண்ணெய் தேய்த்துப் பிள்ளையைக் குளிப்பாட்டும் ஆயாவுக்குப் பழைய சேலையும் கொஞ்சம் காசும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, வேலைக்குத் தகுந்த கூலியை முன்பே பேசிக் கொடுங்கள். அரசு நெதர்லாந்தைப் பார்த்து, முதல் பத்து நாள் வீட்டுத் துணையை ஏழைத் தாய்களுக்காவது உரிமையாக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது பேறுகாலம் நெருங்குகிறதா? மருத்துவமனையில் பெயர் பதியும் நாளிலேயே, பிரசவத்தின்போது கூட ஒருவர் இருக்கலாமா என்று கேளுங்கள். அது சலுகை இல்லை, அவளுக்குச் சேரவேண்டிய சிகிச்சையின் ஒரு பகுதி.